பேராசிரியர் வாக்கும் தோட்டத்து வாழ்வும்

கோலசிலாங்கூர் நகரை விட்டுச் சிலாங்கூர் ஆற்றின் போக்குக்கு எதிராக உள்நாடு நோக்கிச் செல்வோர், முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கிய பெஸ்தாரி ஜெயாப் பகுதியில் தென்னமரம் என்னும் பெயர் தாங்கிய தோட்டத்தைக் காண்பர். மலாய்க்காரரும் சீனரும் வெள்ளையரும் தத்தம் நாவிற்கு ஏற்ப ஒலித்துவந்த போதிலும், அஃது ஐயத்திற்கிடமற்ற தமிழ்ப்பெயர். இத்தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டில், ஹென்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் வாணிக நோக்கில் செம்பனையைப் பயிரிட்டார். மலாயாவில் அவ்வாறு எழுந்த முதல் செம்பனைத் தோட்டம் அதுவே. அவர் தோட்டக்காரர் மட்டுமல்லர், எழுத்தாளருமாவார். மலாயா வாழ்வைப் பொருளாகக் கொண்டு அவர் எழுதிய புதினம் 1930இல் பிரான்சு நாட்டின் புகழ்மிக்க கொன்கூர் பரிசைப் பெற்றது.

தோட்டத்தின் பெயர் தமிழ். அதில் காடழித்துக் கன்று நட்ட கைகளும் பெரும்பாலும் தமிழர் கைகளே. ஆயினும் அங்குள்ள வாழ்வு இன்னது என உலகிற்கு எடுத்துரைக்கும் வாய்ப்பு முதலில் தோட்டத்துரைக்கே கிட்டியது. துரைக்குப் பின் அதிகாரிகள் உரைத்தனர். அதிகாரிகளுக்குப் பின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் உரைத்தனர். நாளேடுகளில் 'அறிஞர் கருத்து' என்னும் தலைப்பின்கீழ் வெளிவரும் அவ்வுரைகளின் வரலாற்றை வடசிலாங்கூர்த் தோட்டப்புறத்தில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி. தொழிலாளி தன் குறையைத் தானே சொன்னால் அது முறையீடு எனப்படுகிறது; அதையே ஒரு பேராசிரியர் சொன்னால் ஆய்வு முடிவு எனப்படுகிறது. இவ்வேறுபாடு நேர்மையானதா என்பது ஒருபுறமிருக்க, அது நடைமுறையில் உள்ளது என்பதை மறுப்பாரிலர். ஆகவே, அந்த வாக்கு எப்போது எவருக்குப் பயன்பட்டது, எப்போது பொய்த்தது, எப்போது அடக்கப்பட்டது என்று அறிவது நமக்குத் தேவையாகிறது.

பல்கலைக்கழகத்தார் ஒருவர் தோட்டத் தமிழரைப் பற்றிக் கருத்துரைத்து, அக்கருத்து ஏடுகளில் பெரும் விவாதமாக மூண்ட முதல் நிகழ்ச்சி, நாமறிந்தவரை, 1937ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். இந்திய அரசாங்கத்தின் சார்பில் 1936 டிசம்பரில் மலாயாவிற்கு வந்து, இந்தியத் தொழிலாளர் நிலையைப் பார்வையிட்டு, அடுத்த ஆண்டில் அறிக்கை அளித்தார். ஆங்கிலேயரே வியக்கும் ஆங்கிலப் புலமையும், உலக அரங்குகளில் பெற்ற மதிப்பும் அவர் சொல்லுக்குப் பெரும் எடையைத் தந்திருந்தன. ஆண்களுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்களுக்கு 40 காசு என்று 1928இல் இருந்த கூலி மீட்கப்பட வேண்டும் என்றார். அதனை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் உதவி பெற்றுக் குடியேறும் முறையை நிறுத்துவதற்குப் போதிய காரணம் இல்லை என்றும் அவர் முடிவு செய்தார். 1936இல் தோன்றிய மலாயா இந்தியர் மத்திய சங்கத்தாருக்கு இம்முடிவு பெருத்த ஏமாற்றமாயிற்று.

சாஸ்திரியார் கள்ளமாக எழுதினார் என்று சொல்வதற்கில்லை. தோட்ட வாழ்வு என்பது சில வாரங்கள் சுற்றிப் பார்த்து அறிந்துவிடக் கூடியதன்று என்பதே இதில் நாம் காண வேண்டியது. விருந்தினர் வரும் நாளில் லயத்தின் முன் கால்வாய் கழுவப்பட்டிருக்கும். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகள் துப்புரவாக இருப்பார்கள். விடியற்காலைப் பெரட்டில் கங்காணி எவரை எந்த நிரைக்கு அனுப்பினான், மழையால் வேலை நின்ற நாள்கள் எத்தனை, அந்நாள்களின் கூலி என்னவாயிற்று, கடைக்காரரின் பற்றுக் கணக்கில் மாதக் கூலியில் எவ்வளவு போயிற்று என்பன அறிக்கையாளரின் கண்ணில் படா. அவற்றைச் சொல்ல வேண்டியவர் பக்கத்தில் துரை நிற்கும்போது வாய் திறவார். 1938இல் தோட்ட முதலாளிகள் கூலியை மீண்டும் குறைக்க முற்பட்டனர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இந்திய அரசாங்கம் உதவி பெற்ற குடியேற்றத்தைத் தடை செய்தது. துணைவேந்தர் வேண்டாம் என்ற தடை, அவர் அறிக்கை வெளியாகி ஓராண்டு சென்றதும் வந்து சேர்ந்தது.

இதன் பின் நான்காண்டுகள் நிறைவதற்குள், தோட்டத்தார் தம் குறையைத் தாமே உரைக்க எழுந்தனர். 1941 மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத்தில் தோன்றிச் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தம் அதுவாகும். அதன் தலைவர்களுள் முதன்மையானவரான ஆர். எச். நாதன், 1924இல் தொடங்கப்பெற்ற 'தமிழ் நேசன்' நாளேட்டின் துணையாசிரியர் என்பது நம் பொருளுக்கு மிக நெருங்கிய செய்தி. தொழிலாளர் கேட்டவற்றுள் கூலி உயர்வு மட்டும் இருக்கவில்லை. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றனர். வெள்ளைத்துரை எதிர்ப்பட்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றனர். மிதிவண்டியிலிருந்து இறங்குதல் எந்தப் பொருளியல் அட்டவணையிலும் இடம் பெறாத குறை. அதனை எந்த வல்லுநரும் முன்னதாகக் கண்டு சொல்லவில்லை. நாதன் மே மாதத்தில் சிறைப்படுத்தப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். படைகள் வரவழைக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். இந்நிகழ்ச்சியைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரிவாக எழுதியது பல ஆண்டுகள் கழித்தே. சிங்கப்பூரில் அப்போதிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் காம்பா மலாயாத் தொழிற்சங்கங்களின் தோற்றம் பற்றி எழுதிய நூல் 1962இல் வந்தது. மைக்கேல் ஸ்டென்சனின் நூல் 1980இல் வந்தது. நிகழ்ச்சி நடந்தபோது அதனைத் தமிழில் பதிவு செய்தவர்கள் நாளேட்டுக்காரர்களே.

அக்காலத்துத் தோட்டத்தில் நாளேடு எவ்வாறு படிக்கப்பட்டது என்பதையும் இங்கே ஒரு சொல் சொல்லிச் செல்லலாம். ஒரு படி வாங்கினால் பத்துப்பேர் பயன்கொள்வர். பள்ளி ஆசிரியரோ கிராணியோ எழுத்தறிந்த வேறொருவரோ உரக்கப் படிக்க, மற்றவர் சுற்றி அமர்ந்து கேட்பர். கேட்டவர் வாளா இருப்பதில்லை, இடையிடையே மறுத்துரைப்பர். ஏட்டில் வந்த பெரியோர் கருத்தை வரிக்கு வரி ஆராய்ந்து, 'இவர் நம்ம பக்கம் வந்து பார்த்தவரா?' என்று கேட்கும் வழக்கம் தோட்டத்திற்குப் புதிதன்று. இன்றைய பல்கலைக்கழகங்களில் கட்டுரைகளைச் சக அறிஞர் மதிப்பிடும் முறை உண்டு என்பர். தோட்டத்திலும் அதற்கு நிகரான ஒன்று இருந்தது.

இனி, பல்கலைக்கழகத்திற்கும் தோட்டத்திற்கும் இடையே உள்ள கடனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைப்பது பற்றிப் பேச்சு எழுந்தபோது, அங்கு வடமொழிக்கு முதன்மை தருவதா, தமிழுக்குத் தருவதா என்ற பூசல் மூண்டது. ஆலோசனை கூற அழைக்கப்பெற்ற வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் வடமொழியின் பக்கம் நின்றார். அறிஞர் வாக்கு என்று அதனை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தம் ஏட்டின் வழியே எதிர்த்து எழுதினார். அத்தோடு நில்லாது, 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் முழக்கத்தோடு பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்திற்கு நிதி திரட்டவும் முற்பட்டார். கடைக்காரரும், துறைமுகத் தொழிலாளரும், தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளரும் சிறுசிறு தொகையாகக் கொடுத்தனர். தம் பிள்ளைகள் ஆறாம் வகுப்பைத் தாண்டுவதே அரிது என்றிருந்த காலத்தில், தாம் ஒருநாளும் நுழையப் போகாத நூலகத்திற்கு நூல் வாங்கக் கொடுத்தனர். 1956இல் துறை தொடங்கிற்று. தமிழே அதில் தலைமை பெற்றது.

அத்துறையின் தலைமையைப் பின்னர் ஏற்ற தனிநாயக அடிகளார், 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்திய பெருமைக்குரியவர். பல நாட்டு அறிஞர்கள் கூடிய அம்மாநாட்டைத் தமிழ் ஏடுகள் கொண்டாடின. சங்க இலக்கியமும் தொல்லியலும் மொழியியலும் பேசப்பட்டன. அவை பேசப்பட வேண்டியவையே. ஆனால் அதே பத்தாண்டில் தோட்டங்களில் என்ன நடந்து கொண்டிருந்தது? வெள்ளை முதலாளிகள் விற்றுவிட்டுப் போன பெருந்தோட்டங்கள் தரகர் கைகளில் சிறு துண்டுகளாகக் கூறுபோடப்பட்டன. 'துண்டாடல்' என்ற சொல்லைக் கேட்டாலே தோட்டத்தார் நெஞ்சம் நடுங்கிய காலம் அது. துண்டு வாங்கிய புதிய உடைமையாளருக்குப் பழைய தொழிலாளர் தேவையில்லை; லயம், குடிநீர், மருந்தகம், பள்ளி ஆகியவற்றிற்குப் பொறுப்பேற்பாரும் இல்லை. 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூக்குரல் எழுப்பியது. தமிழ் இலக்கியத்தைக் காக்க நாம் அறிஞர்களைத் திரட்டிய வேகத்தில், தோட்டத்தைக் காக்க அறிஞர்களைத் திரட்டவில்லை என்பது என் கருத்து. இதனைக் குறை கூறும் நோக்கத்தோடு எழுதவில்லை. நம் ஆர்வத்தின் திசை எதுவாக இருந்தது என்று காட்டவே எழுதுகிறேன்.

அப்பணியை மேற்கொண்டவர் தமிழரல்லர். மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் உங்கு அப்துல் அசிஸ், 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த தோட்டத் துண்டாடல் பற்றித் தம் துறையினரோடு விரிவாக ஆராய்ந்தார். 1962இல் நிறைவுற்ற அவ்வாய்வு, துண்டாடலால் தொழிலாளர் வேலையிழந்ததையும், வீடு, நீர், மருத்துவம் ஆகியவை சீர்கெட்டதையும் எண்களோடு நிறுவியது. அதுகாறும் தொழிற்சங்கம் சொன்னபோது 'மிகைப்படுத்தல்' எனத் தள்ளப்பட்ட செய்திகள், பல்கலைக்கழக அறிக்கையாக வந்தபோது நாளேடுகளின் முதற்பக்கத்திற்கு உரியவையாயின. அரசாங்கம் உடனே செவிசாய்த்ததா என்றால், இல்லை. துண்டாடலுக்கு முறையான கட்டுப்பாடு வருவதற்குள் பல தோட்டங்கள் மறைந்துவிட்டன. எனினும், பொய் என்று சொல்ல எவராலும் இயலாமற் போயிற்று. அஃது ஒரு பெரும் மாற்றம்.

உங்கு அசிஸ் அவர்களின் மற்றொரு கண்டுபிடிப்பு, வறுமையை அளக்க அவர் சொன்ன சாரோங் கணக்கு. ஒரு வீட்டில் எத்தனை பேர் இருக்கின்றனர், எத்தனைச் சாரோங் இருக்கின்றன என்று எண்ணினால் அவ்வீட்டின் நிலை விளங்கும் என்றார். எளிய கணக்குத்தான். ஆனால் அதனை எண்ண வேண்டுமானால் வீட்டிற்குள் செல்ல வேண்டும். கொடிக்கயிற்றைப் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் அமர்ந்து எண்ண இயலாது. ஏட்டில் கருத்துரைக்கும் அறிஞரைத் தோட்டத்தார் எடைபோடும் அளவுகோலும் ஏறத்தாழ இதுவே.

அதே பத்தாண்டின் இறுதியிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் இந்நாட்டு இந்தியர் பற்றிய அடிப்படை நூல்கள் வெளிவந்தன. கெர்னியல் சிங் சந்து எழுதிய குடியேற்ற வரலாறு 1969இலும், மலாயாப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையில் பணியாற்றிய யாழ்ப்பாணத்தவரான சின்னப்பா அரசரத்தினம் எழுதிய நூல் 1970இலும் வந்தன. ஒரு தோட்டத்திலேயே தங்கி ஆராய்ந்த ஆர். கே. ஜெயின் நூலும் 1970இல் வந்ததே. இன்றுவரை ஏடுகளில் எவரேனும் தோட்ட மக்களைப் பற்றி ஒரு புள்ளிவிவரம் சொன்னால், அதன் வேர் பெரும்பாலும் இந்நூல்களுள் ஒன்றில் இருக்கும். ஆனால் அவை ஆங்கில நூல்கள். ஜெயின் தங்கிய தோட்டத்தின் மக்கள், தம்மைப் பற்றி அவர் எழுதியதைப் படிக்கும் வாய்ப்பு அரிது. நம் நாளேடுகளும் எழுத்தாளர்களும் அவற்றைத் தொடர்ச்சியாகத் தமிழாக்கித் தந்திருக்கலாம். தரவில்லை. அக்குறை நம்முடையது.

இதன் பின் வந்த காலம் பேராசிரியர்களுக்கே நெருக்கடியான காலம். 1971இல் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் இயற்றப்பட்டது. 1975இல் மேலும் இறுக்கப்பட்டது. 1974இன் இறுதியில் பாலிங் உழவர் வறுமையை முன்னிட்டு எழுந்த கிளர்ச்சியை அடுத்து, மலாயாப் பல்கலைக்கழகச் சமூகவியலறிஞர் சையது ஹுசின் அலி உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சிறை வைக்கப்பட்டார், 1980இல்தான் வெளிவந்தார். மலாய்க் கிராமங்களின் வறுமையை நேரில் கண்டு எழுதியவருக்கு நேர்ந்தது இது. பின்னர், 2000ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, அரசுசார் அமைப்புகளின் ஊழியர் பொது அறிக்கை விடுவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. பல்கலைக்கழக ஆசிரியர்களும் அதன் எல்லைக்குள் வந்தனர். நாளேட்டுச் செய்தியாளர் தொலைபேசியில் அழைத்து, 'ஐயா, இது பற்றி உங்கள் கருத்து?' என்று கேட்டால், அழைக்கப்பட்டவர் முதலில் எண்ணுவது பொருளைப் பற்றியன்று, மேலிடத்தைப் பற்றி என்னும் நிலை தோன்றிற்று. ஒருவர் தயங்குவார், ஒருவர் பெயரைக் குறிப்பிடாதீர்கள் என்பார், இன்னொருவர் எவர்க்கும் நோகாத இரண்டு வாக்கியங்களைத் தருவார். அவ்விரண்டு வாக்கியங்களே மறுநாள் 'அறிஞர் கருத்து' ஆகும்.

தயங்காதவரும் இருந்தனர். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் அரசியல் துறைப் பேராசிரியர் பி. இராமசாமி அவர்களுள் ஒருவர். தோட்டத் தொழிலாளர், தொழிற்சங்கம், முதலாளி, அரசு ஆகிய நான்கையும் ஒருசேர ஆராய்ந்த அவர் நூல் 1994இல் வெளிவந்தது. ஆங்கில ஏடுகளிலும் தமிழ் ஏடுகளிலும் அவர் ஒளிவுமறைவின்றிக் கருத்துரைத்து வந்தார். 2005இல் பல்கலைக்கழகம் அவருடைய ஒப்பந்தப் பணியை முடித்துக்கொண்டது. மூன்றாண்டுகள் கழித்து, 2008 பொதுத் தேர்தலில் வென்று பினாங்கு மாநிலத்தின் துணை முதலமைச்சருள் ஒருவரானார். பல்கலைக்கழகம் இழந்த குரலை அரசியல் பெற்றது. இதில் தோட்டத்தாருக்கு ஆதாயமா, இழப்பா என்பது எளிதில் தீர்க்க முடியாத வினா. அரசியலாளர் சொல்லும் உண்மையை எதிர்க்கட்சிக்காரர் ஒரு கையசைப்பில் தள்ளிவிடலாம். கட்சி சாராத பேராசிரியர் சொல்வதை அவ்வாறு தள்ள இயலாது. ஆகவே இழப்பே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மீண்டும் வடசிலாங்கூருக்கு வருவோம். 2007 ஏப்ரலில், கோலசிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியில் அடங்கிய ஈஜோக் சட்டமன்றத் தொகுதியில், உறுப்பினர் கே. சிவலிங்கம் மறைவால் இடைத்தேர்தல் வந்தது. ஏறத்தாழ 12,000 வாக்காளர். அவர்களுள் மலாய்க்காரர் பாதிக்குச் சற்று மேல், இந்தியர் நூற்றுக்கு 28 பேர், எஞ்சியோர் பெரும்பாலும் சீனர். மஇகாவின் கே. பார்த்திபனும் மக்கள் நீதிக் கட்சியின் காலிட் இப்ராகிமும் மோதினர். பால்மரமும் செம்பனையுமாய் அமைதியுற்றுக் கிடந்த ஊருக்குள் நாட்டின் ஏடுகளும் தொலைக்காட்சிகளும் வந்து குவிந்தன. ஆண்டுக்கணக்கில் செப்பனிடப்படாத சாலைகள் சில நாள்களில் தார் பூசிக்கொண்டன. பேராசிரியர்களின் கருத்துகள் நாள்தோறும் வெளிவந்தன. அவற்றுள் அடிக்கடி வந்த சொல் 'இந்தியர் வாக்கு' என்பது. அது ஒரு மூட்டையைப் போலவும், எவர் கையிலோ கட்டுண்டு கிடப்பது போலவும் பேசப்பட்டது. ஏப்ரல் 28இல் பார்த்திபன் 1,850 வாக்குகள் பெரும்பான்மையில் வென்றார். இந்தியர் ஆளுங்கட்சியின் அசையாத் துணை என்னும் எண்ணம் பொதுவாக உறுதிப்பட்டது.

ஏழு திங்கள் கழிந்தன. நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூரில் இண்ட்ராப் இயக்கத்தின் பேரணியில் பல்லாயிரவர் திரண்டு, கண்ணீர்ப்புகைக்கும் நீர்ப்பீரங்கிக்கும் எதிரே நின்றனர். 2008 மார்ச்சு 8இல் அதே ஈஜோக்கில் காலிட் இப்ராகிம் வென்று சிலாங்கூரின் மந்திரி பெசார் ஆனார். ஏப்ரலில் அசையாது என்று கருதப்பட்டது மார்ச்சில் அசைந்து விட்டது. அறிஞர்கள் ஏன் காணவில்லை? வாக்கை எண்ணினர், வாக்களித்தவரிடம் உட்கார்ந்து பேசவில்லை என்பதே என் விடை. தோட்டம் விற்கப்பட்டபின் வீடிழந்தோர், மாற்றிடத்துக் குடியிருப்பில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர், உடைக்கப்படும் கோவில்களுக்காகக் கலங்கியோர் ஆகியோரின் உள்ளக்கொதிப்பு விழுக்காட்டுக் கணக்கில் அகப்படாது. இடைத்தேர்தலில் சாலை போட்டவருக்கு வாக்களிப்பதும், மறு ஆண்டில் அவரையே வீழ்த்துவதும் ஒரே மனிதர் செய்யக்கூடியவை. தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் இது வியப்பாய் இராது. வாங்க வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம் என்பது ஏப்ரல். இனியும் பொறுப்பதற்கில்லை என்பது மார்ச்சு.

ஈஜோக்கில் தொடங்கிய இந்தக் கதைக்கு, பேராசிரியர் ஒருவரை நீதிமன்றத்திற்கே இட்டுச் சென்ற பின்னுரையும் உண்டு. 2014இல் காலிட் இப்ராகிமின் மந்திரி பெசார் பதவி பற்றிப் பெரும் குழப்பம் மூண்டது. ஓர் இணைய நாளேடு, மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத்துறை இணைப்பேராசிரியர் அஸ்மி ஷாரோமிடம் கருத்துக் கேட்டது. 2009இல் பேராக் மாநிலத்தில் ஆட்சி மாறிய முறை சட்டத்திற்குப் புறம்பானது, அதனைப் பின்பற்றலாகாது என்னும் பொருள்பட அவர் கூறினார். சட்டம் கற்பிப்பவர் சட்டத்தைப் பற்றிச் சொன்ன கருத்து அது. அதற்காக அவ்வாண்டு செப்டம்பர் 2ஆம் நாள் அவர்மீது தேச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. அச்சட்டமே அரசியலமைப்புக்கு முரணானது என்று அவர் தொடுத்த வழக்கை 2015 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் தள்ளியது. 2016 பிப்ரவரியில் அரசு குற்றச்சாட்டை மீட்டுக்கொண்டது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு, ஏட்டில் வந்த சில வரிகளுக்காக ஒருவர் குற்றவாளிக் கூண்டின் நிழலில் வாழ நேர்ந்தது. அவர் விடுபட்டார் என்பது மகிழ்ச்சி. ஆனால் அவரைப் பார்த்து வாய்மூடியோர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை.

பேராசிரியர்கள் அஞ்சி ஒதுங்கும்போது அந்த இடம் வெறுமையாக இருப்பதில்லை என்பதையும் கூற வேண்டும். எவர் எளிதில் கிடைக்கின்றாரோ அவரே வல்லுநராகிறார். மேடைப் பேச்சாளர் ஒருவர், கட்சியின் தகவற்பிரிவைச் சேர்ந்தவர் ஒருவர், எதைக் கேட்டாலும் விடை சொல்லத் தெரிந்தவர் ஒருவர் எனப் பக்கம் நிரம்பி விடுகிறது. தமிழ் ஏடுகளின் நிலையோ மேலும் இரங்கத்தக்கது. குறைந்த ஆள்பலத்தோடு, மாலைக்குள் பக்கத்தை முடிக்க வேண்டிய நெருக்கடியில், தோட்டம் வரை ஒரு செய்தியாளரை அனுப்புவதைவிடத் தொலைபேசியில் ஒரு கருத்தைப் பெறுவது எளிது. தொண்ணூறாண்டுகளுக்கு மேல் நடந்த 'தமிழ் நேசன்' 2019இன் தொடக்கத்தில் நின்றே போயிற்று. நாதன் பணியாற்றிய ஏடு அது.

இப்பொழுது கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் எல்லைப்புறத்தில் உள்ள ஐந்து தோட்டங்களை நினைவுகூர வேண்டும்: மேரி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக். இத்தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தோர், தோட்டம் கைமாறி வேலை போனபின், சொந்த வீடு கேட்டு நெடுங்காலம் போராடினர். புக்கிட் தாகாரிலோ 2005 முதல் தலைநகரின் குப்பை வந்து கொட்டப்பட்டது. இவர்களது வழக்கு ஏடுகளில் பலமுறை வந்தது. அமைச்சர் கருத்து வந்தது, நிறுவனத்தின் விளக்கம் வந்தது. ஒரு லயத்தில் எத்தனைக் குடும்பம், ஒவ்வொன்றும் எத்தனைத் தலைமுறை அங்கே உழைத்தது, சேமநிதியாக எஞ்சியது எவ்வளவு, அத்தொகைக்கு அந்த வட்டாரத்தில் ஒரு வீடு கிடைக்குமா என்று கணக்கிட்டுச் சொல்லும் பொருளியலறிஞர் கட்டுரை அத்தனை எளிதில் கண்ணில் படவில்லை. உங்கு அசிஸ் 1962இல் நாடு முழுமைக்கும் செய்ததை ஐந்தே ஐந்து தோட்டங்களுக்குச் செய்வது இயலாத செயலன்று.

அதற்கு நெடுந்தொலைவு பயணம் போகவும் வேண்டியதில்லை. 1999இல் தொடங்கப்பெற்ற சிலாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் வளாகம் பெஸ்தாரி ஜெயாவிலேயே எழுந்தது. பேராசிரியரைத் தேடிக் கோலாலம்பூருக்குத் தொலைபேசியில் அழைத்த காலம் போய், பல்கலைக்கழகமே பால்மரக்காட்டின் விளிம்புக்கு வந்துவிட்டது. அவ்வளாகத்திலிருந்து மிதிவண்டியிலேயே சென்றடையக்கூடிய குடியிருப்புகளில், 1960களில் பால் வெட்டியவர்கள் எண்பது வயதைக் கடந்து வாழ்கின்றனர். அவர்களுட் சிலரிடம் பழைய சம்பளச் சீட்டுகள் உள்ளன. தகரப் பெட்டியில், பிறப்புப் பத்திரத்தோடும் இறந்துபோன கணவரின் சங்க அட்டையோடும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். எந்த மாதம் எத்தனை நாள் பேர் விழுந்தது, மழைக்கு எத்தனை நாள் போயிற்று, கையில் வந்தது எவ்வளவு என்பவை அனைத்தும் கிராணியின் கையெழுத்தில் அச்சீட்டுகளில் உள்ளன. கேட்டால் எடுத்துத் தருவார்கள்.